இதன் மத்தியில் யாதொரு வில்லங்கமும் இல்லை
கெங்குவார்பட்டிக் குறிப்புகள்

ஒரு சொல்லையும் புதிதாகச் சேர்க்கக் கூடாது. எடுக்கலாம், விடலாம், வரியை எங்கே வேண்டுமானாலும் உடைக்கலாம். கண்டெடுத்த கவிதைக்கு நான் வைத்திருக்கும் இலக்கணம் இவ்வளவுதான். யாரோ எப்போதோ வேறு காரியத்துக்காக எழுதிய பக்கம் அது. அதற்குள் ஒரு கவிதை கிடக்கிறதா என்று தேடி, கிடந்தால் மற்றதை விலக்கிவிட்டு அதை மட்டும் தனியே வைக்க வேண்டும்.

*

கெங்குவார்பட்டியில் சும்மா நடந்தாலே கண்ணில் படுகிற எழுத்து: பேரூராட்சி அறிவிப்பு. ரேஷன் கடைப் பலகையில் சாக்பீஸில் எழுதிய இருப்பு விவரம். பஸ் நெற்றியில் பெரியகுளம், தேவதானப்பட்டி, வத்தலக்குண்டு. மாங்காய் கமிஷன் கடைச் சீட்டு. சுவரில் கண்ணீர் அஞ்சலி. டீக்கடை பேப்பரில் அணை நீர்மட்டம். வீட்டுப் பீரோவில், துணிகளுக்கு அடியில், மஞ்சள் பையில் நிலப் பத்திரம்.

இதில் எதுவும் கவிதையாக எழுதப்பட்டதல்ல. ஆனால் எல்லாமே ஒருவருக்கு உயிர் போகிற விஷயமாக இருக்கும்போது எழுதப்பட்டவை. அரிசி, தண்ணீர், நிலம், சாவு. கவிதைக்கும் இதைவிட்டால் வேறு என்ன இருக்கிறது?

*

பத்திரத்திலிருந்து தொடங்குவதுதான் நல்லது. பழைய கிரயப் பத்திரம் பல பக்கம் ஓடும், ஒரே வாக்கியமாக. இன்னார் குமாரர் இன்னாருக்கு, இன்ன ஊரிலிருக்கும் இன்னார் குமாரர் இன்னார் எழுதிக் கொடுத்த சுத்தக்கிரயப் பத்திரம் என்னவென்றால், என்று ஆரம்பித்துவிட்டால் மூச்சுவிட இடமே இருக்காது. கமா, புள்ளி கிடையாது. மாவடை, மரவடை, கிணறு, கிணற்றில் பாத்தியம், வண்டி போக வர வழிநடைப் பாத்தியம் என்று அடுக்கிக்கொண்டே போகும். புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்ற இடத்தில் வந்து நிற்கும்.

வயதான பத்திர எழுத்தர் ஒருவரிடம், ஏன் இத்தனை சொல் என்று கேட்டேன். "ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலயும் ஒரு சண்டை இருக்கு தம்பி. மரவடைன்னு போடாம விட்டதுக்காக ஒத்தப் புளியமரத்துக்கு இருபது வருசம் கோர்ட்டுக்கு அலைஞ்சவுகளப் பாத்திருக்கேன்" என்றார்.

அன்றைக்கு எனக்கு ஒன்று உறைத்தது. நான் அலங்காரம் என்று நினைத்த சொற்களில் ஒன்றுகூட அலங்காரத்துக்காகப் போட்டதல்ல. எல்லாம் பட்டுத் தெளிந்தவை. ஒரு மொழியில் சொற்கள் இதைவிடக் கனமாக வேறு எங்கே இருக்கும்?

*

பத்திரத்தில் நான்கெல்லை சொல்கிற பகுதியிலிருந்து எடுத்தது. சொல்லும் வரிசையும் பத்திரத்தினுடையவை. வரியை உடைத்தது மட்டும் நான்.

கிழக்கே ஓடை.
தெற்கே மாமூல் வண்டிப்பாதை.
மேற்கே
தம்பி பாகம்.
வடக்கே
விற்றது போக
என் பாக்கி நிலம்.
இதன் மத்தியில்
யாதொரு வில்லங்கமும் இல்லை.

ஒருபுறம் பாகம் பிரித்துக்கொண்ட தம்பி. இன்னொருபுறம் இன்னும் விற்காத மிச்சம். நடுவில் நின்று வில்லங்கம் இல்லை என்று கையெழுத்துப் போடுகிறார் ஒரு மனிதர். சப்ரிஜிஸ்டிரார் ஆபீசில் இது வெறும் சொத்து விவரம். வரி உடைந்ததும் அந்த மனிதர் தெரிய ஆரம்பித்துவிடுகிறார்.

*

இன்னொரு பத்திரத்தின் அடியில்: இடது கைப் பெருவிரல் ரேகை. பக்கத்தில் வேறொருவர் கையெழுத்தில், வாசித்துக் காட்டக் கேட்டுச் சம்மதித்து வைத்தது என்ற குறிப்பு. ரேகை வைத்தவர் ஒரு பெண். பத்திரம் முழுக்க அவர் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாயார். அவர் பெயர் சொற்ப இடத்தில்தான் வருகிறது.

வாசித்துக் காட்டக் கேட்டு
சம்மதித்து.

இந்த இரண்டு வரியை மட்டும் ஒரு பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறேன். கூட ஒன்றும் தேவைப்படவில்லை.

*

பழைய பத்திரங்களில் பெயரோடு சாதியும் எழுதியிருக்கும். எடுக்கும்போது அதை என்ன செய்வது? அப்படியே வைத்தால் இன்றைக்கும் அந்தக் குடும்பத்தின் மேல் ஒரு முத்திரை விழுகிறது. சத்தமில்லாமல் தூக்கிவிட்டால், அந்த நிலம் அந்தக் காலத்தில் யார் கையில் இருக்க முடிந்தது, யார் கையில் இருக்க முடியவில்லை என்ற உண்மையும் சேர்ந்து போய்விடுகிறது. நான் எடுத்துக்கொண்ட முடிவு: பெயரையும் சாதியையும் நீக்குவேன், நீக்கிய இடத்தை வெற்றிடமாகவே விடுவேன். இங்கே ஏதோ இருந்தது என்று வாசிப்பவருக்குத் தெரிய வேண்டும். விட்டதை மறைக்காமல் விடுவதுதான் இந்த வகைக் கவிதையின் நாணயம்.

*

எல்லை சொல்லும் மொழிக்கு நம்மிடம் ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழக்கம் உண்டு. சோழர் செப்பேடுகளில் நிலம் கொடுக்கும்போது மேல்நோக்கிய மரம், கீழ்நோக்கிய கிணறு, உடும்பு ஓடி ஆமை தவழ்ந்த இடம் எல்லாம் உட்பட என்று வரும். நிலம் எவ்வளவு காலத்துக்கு என்றால், சந்திரனும் சூரியனும் உள்ளவரை. முல்லைப் பெரியாறு அணைக்காகத் திருவிதாங்கூர் மகாராஜாவும் இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அரசுச் செயலாளரும் 1886இல் போட்ட ஒப்பந்தத்தில் காலம் 999 ஆண்டு. சந்திரனையும் சூரியனையும் அதிகாரிகள் எண்ணாக மாற்றினால் 999 வரும் போலிருக்கிறது.

உடும்பையும் ஆமையையும் எழுதியவர் கோயில் கணக்கரோ ஊர்க் கணக்கரோ. கவிதை எழுதுகிறோம் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். நிலத்தில் ஒரு அங்குலமும் விட்டுப்போகக் கூடாது என்று நினைத்தார். அந்த அக்கறையே அந்த வரியைக் கவிதையாக்கிவிட்டது.

*

கண்டெடுத்த கவிதை மேற்கிலிருந்து வந்த சரக்கு என்று சொல்பவர்களுக்கு.

பழமொழி நானூறு. முன்றுறை அரையனார் எழுதியது, பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்று. ஒவ்வொரு வெண்பாவுக்குள்ளும் ஒரு பழமொழி. ஊர் வாயில் கிடந்ததை எடுத்துச் செய்யுளில் பதித்த வேலை அது.

மணிமேகலையில் சாத்தனார் ஒரு குறளை அப்படியே தூக்கிக் கதைக்குள் வைக்கிறார். எடுத்தது யாருடையது என்பதையும், அந்தப் புலவரைப் பெருமையாகக் குறிப்பிட்டு, அங்கேயே சொல்லிவிடுகிறார்.

பதினெட்டாம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் செய்த சோமேசர் முதுமொழி வெண்பா. திருக்குறளின் 133 அதிகாரத்திலிருந்தும் அதிகாரத்துக்கு ஒரு குறளை எடுத்து, அதை வெண்பாவின் கடைசி இரண்டு அடியாக வைத்து, முதல் இரண்டு அடியில் அதற்குப் பொருத்தமான ஒரு புராணக் கதையைச் சொல்கிறார். குறள் வெண்பாவின் இரண்டடி, நேரிசை வெண்பாவின் பின் இரண்டடியில் இம்மி பிசகாமல் உட்காரும் என்பது யாப்பு கொடுத்த வசதி. இரங்கேச வெண்பா, தினகர வெண்பா என்று இந்த வழியில் ஒரு வரிசையே உண்டு.

எடுத்து ஆள்வதை நம்மவர்கள் திருட்டு என்று நினைக்கவில்லை. எடுத்த இடத்தைச் சொல்லாமல் இருந்தால்தான் திருட்டு.

*

பேப்பரில் அணை நீர்மட்டம். தேனி மாவட்டத்துக்காரர்கள் தலைப்புச் செய்திக்கு முன்னால் பார்க்கிற பத்தி. முல்லைப் பெரியாறு 142 அடி வரை தேக்கலாம். வைகை 71. சோத்துப்பாறை 126.28. சண்முகாநதி 52.55. எங்கள் மஞ்சளாறு 57. கொடைக்கானல் மலைப்பாதையில் இருக்கும் டம்டம் பாறையில் நின்று பார்த்தால் எதிரே விழுகிற எலிவால் அருவித் தண்ணீர்தான் கீழே இந்த மஞ்சளாறு அணைக்கு வருகிறது.

ஒவ்வொரு அணைக்கும் மட்டம், வரத்து, திறப்பு, மழையளவு, இருப்பு. வருஷம் பூரா இதே சொற்கள்தான், எண் மட்டும் மாறும். கோடையில் எண்ணும் போய் ‘இல்லை’ என்று ஆகிவிடும். அப்படி ஒரு நாள் பத்தியிலிருந்து:

சித்திரை

வரத்து இல்லை.
திறப்பு இல்லை.
மழை இல்லை.
இருப்பு

தலைப்பு என்னுடையது. தலைப்பை மட்டும் சொந்தமாக வைத்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே ஒரு சலுகை கொடுத்திருக்கிறேன். ஆனால் தலைப்பு கவிதைக்கு உரை சொல்லக் கூடாது. திசை மட்டும் காட்ட வேண்டும்.

*

தண்ணீர் திறப்புக்கான அரசு அறிவிப்பும் அப்படித்தான். கம்பம் பள்ளத்தாக்கின் இருபோகப் பாசனம் 14,707 ஏக்கர் என்ற எண் ஒவ்வொரு அறிவிப்பிலும் வரும். சிறுபிள்ளைக்குக்கூட மனப்பாடம். கூடவே மாறாத வாசகங்கள் சில. அவற்றிலிருந்து எடுத்து, வேறொரு தலைப்பின் கீழே வைத்தேன்.

கூலி

இருப்பு மற்றும் வரத்தைப் பொறுத்து
தேவைக்கேற்ப
திறந்துவிட
ஆணை.
சிக்கனமாகப் பயன்படுத்தி
ஒத்துழைப்பு நல்குமாறு
கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

தண்ணீர் என்ற சொல்லை எடுத்ததும் அந்த வாசகம் யாருக்கெல்லாம் பொருந்துகிறது என்று பாருங்கள். அதிகாரத்தின் மொழி எல்லா இடத்திலும் ஒரே வாய்ப்பாட்டில்தான் பேசுகிறது. ஆணையிடுபவர் யார் என்று வாக்கியத்தில் இல்லை. கேட்டுக்கொள்பவர் யார் என்றும் இல்லை. இதை விளக்கி ஒரு கட்டுரை எழுதலாம். ஒரு சொல்லை நீக்கினாலே போதும் என்பதுதான் இந்த வடிவத்தின் பலம்.

*

தொழில் குறிப்பு. தமிழில் வெட்டுவது ஆங்கிலத்தில் வெட்டுவதைப்போல இல்லை. ஆங்கிலத்தில் சொற்கள் தனித்தனியே நிற்கும், பேப்பரில் கறுப்பு மை பூசிக்கொண்டே போய் வேண்டியதை மட்டும் விட்டுவிடலாம். தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டியிருக்கும். ‘கால்வாய்களுக்கு’ என்பதில் கால்வாய் மட்டும் வேண்டுமென்றால் நடுவில் கத்தி வைக்க வேண்டும். ஒற்று இன்னொரு சிக்கல். ‘அணைக்குத் தண்ணீர்’ என்பதில் தண்ணீரை எடுத்துவிட்டால் ‘அணைக்குத்’ என்று ஒரு த் தொங்கும்.

மற்றவர்கள் எப்படியோ, நான் பிடித்துக்கொண்ட வழி இது. சொல்லின் கடைசி உருபை வெட்டலாம், வெட்டியபின் மிஞ்சுவது முழுச்சொல்லாக இருந்தால். தொங்குகிற ஒற்றை நீக்கலாம், அது எழுதியவருடைய சொல் இல்லை, அடுத்த சொல்லால் வந்தது. ஆனால் கால்வாயைக் கால்வாயில் என்று மாற்றக் கூடாது. உருபு சேர்ப்பது சொல் சேர்ப்பதுதான்.

இன்னொன்று. தமிழ் வாக்கியத்துக்கு வினைமுற்று கடைசியில். அந்த வினையை எடுத்துவிட்டால் முன்னால் நிற்கும் பெயர்கள் எல்லாம் முடிவு தெரியாமல் காத்திருக்கும். ‘இருப்பு’ என்று மேலே ஒரு வரி நிற்கிறதே, அதன் பலம் அங்கிருந்து வந்தது.

*

கொடைக்கானல் மலைப்பாதைகளில் ஏறுகிற வரிசையில், ரோட்டோரப் பலகைகளிலிருந்து:

கொண்டை ஊசி வளைவு.
ஒலி எழுப்பவும்.
வனவிலங்குகள் கடக்கும் இடம்.
ஒலி எழுப்பாதீர்.
மெதுவாக.

முதல் பலகை மனிதனுக்காக வைத்தது. அடுத்தது காட்டுமாட்டுக்காக. இரண்டுக்கும் நடுவில்தான் நாம் எல்லோரும் வண்டி ஓட்டுகிறோம்.

*

தமிழுக்கு வெளியே இந்த வேலையைச் செய்த மூன்று பேரைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

சார்லஸ் ரெஸ்னிகாஃப், அமெரிக்கர், சட்டம் படித்தவர். 1885 முதல் 1915 வரையிலான நீதிமன்ற அறிக்கைகளை வாசித்து, தொழிற்சாலையில் கை போனவர்கள், சொத்துக்காகக் கொல்லப்பட்டவர்கள், அடிபட்ட பிள்ளைகள் என்று சாட்சியங்களை வரிகளாக்கினார். நூலின் பெயர் ‘டெஸ்டிமனி’. தீர்ப்பை அவர் விட்டுவிட்டார். நடந்ததை மட்டும் வைத்துவிட்டு நகர்ந்துகொள்கிறார். தீர்ப்பு வாசிப்பவர் பொறுப்பு.

டாம் பிலிப்ஸ், ஆங்கிலேய ஓவியர். 1966இல் பழைய சாமான் கடையில் மூன்று பென்னிக்கு 1892இல் வெளிவந்த ஒரு நாவலை வாங்கி, ஒவ்வொரு பக்கத்தின் மேலும் வண்ணம் தீட்டி, ஆங்காங்கே சில சொற்களை மட்டும் தெரியவிட்டு இன்னொரு புத்தகம் செய்தார். பெயர் ‘எ ஹ்யூமுமெண்ட்’. ஐம்பது வருஷம் அதே நாவலைத் திரும்பத் திரும்பத் தீட்டினார்.

நோர்பெசே பிலிப், டொபேகோவில் பிறந்து கனடாவில் வாழும் கவிஞர், வழக்கறிஞராக இருந்தவர். 1781இல் ஸாங் என்ற கப்பலிலிருந்து நூற்றுமுப்பதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க அடிமைகள் உயிரோடு கடலில் வீசப்பட்டார்கள். வழக்கு கொலைக்காக நடக்கவில்லை. சரக்கு நஷ்டத்துக்கு இன்சூரன்ஸ் பணம் கேட்டு நடந்தது. அந்த 1783 வழக்கின் சிறிய அறிக்கை ஒன்றுதான் அவருக்குக் கிடைத்த ஆவணம். அதிலிருக்கும் சொற்களை உடைத்து, எழுத்துகளாகச் சிதறடித்து, 2008இல் ‘ஸாங்!’ என்று ஒரு முழுப் புத்தகம் செய்தார். கடலில் போனவர்களின் பெயர் அந்த அறிக்கையில் இல்லை. பெயர் சொல்லாத அதே தாளிலிருந்து அவர்கள் குரலைத் தேடி எடுத்தார்.

நம் தாலுகா ஆபீஸ்களிலும் கோர்ட்டுகளிலும் கட்டுக் கட்டாக இருக்கும் தாள்களை நினைத்துக்கொள்கிறேன். தோட்டக் கூலி வழக்கு, குத்தகை வழக்கு, கிணற்றுத் தகராறு. அதற்கும் ஒரு ரெஸ்னிகாஃப் வேண்டும்.

*

நீக்கியது நீங்கியே போய்விடுகிறதா? தேவதானப்பட்டி மூங்கிலணைக் காமாட்சியம்மன் கோயிலில் கருவறைக் கதவைத் திறப்பதில்லை. சாத்திய கதவுக்குத்தான் பூசை. கும்பிடுகிற ஒருவருக்கும் உள்ளே அம்மன் இல்லை என்று தோன்றுவதில்லை. மை பூசி மறைத்த சொற்களையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

*

நம் சங்க நூல்களும் நமக்கு ஓட்டைகளோடுதான் வந்து சேர்ந்தன. பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் கடைசிப் பத்தும் கிடைக்கவில்லை. புறநானூற்றில் 267, 268ஆம் பாட்டுகள் இல்லை. உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை அச்சிட்டபோது, ஏடு சிதைந்த இடத்தைத் தன் சொல்லால் நிரப்பவில்லை. சிதைந்ததைச் சிதைந்ததாகவே காட்டினார். இல்லாததை இல்லை என்று காட்டும் அந்த ஒழுக்கத்தைத்தான் நான் இந்த வேலைக்குக் கடன் வாங்கியிருக்கிறேன்.

பெயர் தெரியாத புலவர்களுக்கு அவர்கள் பாட்டிலிருந்தே ஒரு சொல்லை எடுத்துப் பெயர் வைத்ததும் இந்த வேலையைச் சேர்ந்ததே. செம்புலப்பெயனீரார், ஓரேருழவனார், அணிலாடு முன்றிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார். பாட்டுக்குள் எது உயிர் என்று கண்டெடுத்த கை அது.

*

வரியை எங்கே உடைப்பது என்ற சுதந்திரம் நமக்குச் சும்மா கிடைக்கவில்லை. 1959 ஜனவரியில் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கி, சீரும் தளையும் இல்லாமல் கவிதை நிற்கும் என்று அதில் சண்டை போட்டவர் சி.சு.செல்லப்பா. சின்னமனூரில் பிறந்து வத்தலக்குண்டில் வளர்ந்தவர். கெங்குவார்பட்டியிலிருந்து கிழக்கே பஸ் ஏறினால் வத்தலக்குண்டுதான். பி.எஸ்.ராமையா அந்த ஊர். கமலாம்பாள் சரித்திரம் எழுதிய ராஜம் ஐயரும் அந்த ஊர். செல்லப்பாவும் அவர் கூட்டமும் புதுக்கவிதைக்கு இடம் பிடித்துக் கொடுக்காவிட்டால், பத்திரத்தில் இருக்கும் ‘தம்பி பாகம்’ இன்றைக்கும் பத்திரத்திலேயேதான் கிடந்திருக்கும்.

*

கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. தொடாதே என்று குறித்துவைத்திருக்கிறேன். தோற்றம், மறைவு, இப்படிக்குக் கண்ணீருடன், பேரன் பேத்திகள் பெயர் வரிசை. எடுத்தால் நல்ல கவிதை வரும் என்று தெரியும். ஆனால் அது ஒரு வீட்டின் துக்கம், சொந்தக்காரர்கள் அடுத்த தெருவில் இருக்கிறார்கள். கேட்டு, அவர்கள் சரி என்றால் செய்யலாம். அரசாங்கத்தின் வாசகத்தை யாரையும் கேட்காமல் எடுக்கலாம், அது நமக்காக எழுதியது. தனி மனிதரின் வாசகத்தைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.

கவிதை, கதை என்றால் சட்டமும் உண்டு. எழுதியவர் காலமாகி அறுபது ஆண்டு வரை பதிப்புரிமை இருக்கிறது.

*

‘இதில் உன் வேலை என்ன? எல்லாம் அவர்கள் சொல்தானே’ என்ற கேள்வி எப்போதும் வரும். என் வேலை வாசிப்பது. கையெழுத்துப் போடுவதற்காக மட்டும் புரட்டப்படும் தாளை, தண்ணீர் வருமா என்று மட்டும் பார்க்கப்படும் பத்தியை, முழுசாக, மெதுவாக, ஒரு கவிதைக்குக் கொடுக்கும் கவனத்தோடு வாசிப்பது. நம் ஜனங்களில் பெரும்பாலானவர்களைப் பற்றி யாரும் கவிதை எழுதி வைக்கவில்லை. பத்திரமும் ரசீதும் ரேகையும்தான் அவர்களைப் பற்றி மிஞ்சியிருக்கும் எழுத்து. அதை வாசிக்காவிட்டால் அவர்களை வாசிக்க வேறு வழி இல்லை.

*

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு. மூலத்தின் மேல் கிறுக்காதீர்கள், நகல் எடுத்துக்கொள்ளுங்கள். சொல் சேர்க்காதீர்கள். வரிசையை மாற்றாதீர்கள். எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதை அடியில் எழுதுங்கள். ஆள் பெயரை நீக்குங்கள், நீக்கிய இடத்தைக் காட்டுங்கள். எடுத்தது மூலத்தைவிட அழகாக இருந்தால் மட்டும் போதாது, மூலம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. வீட்டைச் சுத்தம் செய்யும்போது தாத்தாவின் கணக்கு நோட்டையும், செல்லாத பத்திரத்தையும், மண்டிச் சீட்டுக் கட்டையும் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். உட்கார்ந்து ஒருதரம் வாசியுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்து, வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள்.